நடுவில் மைனஸ்

என் பழைய டிவி கேமில் லைட் வரவில்லை. ஸ்விட்சைத் தள்ளினால் மூலையில் மிளகளவுக்கு ஒரு சிவப்பு லைட் எரிய வேண்டும், எரியவில்லை, பிரச்சினை அவ்வளவுதான். அந்த மிளகுக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின, இடது கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது, ஒரு புது அடாப்டர் வாங்கினேன், அப்பாவிடமிருந்து அரை அங்குல வெள்ளிக்கம்பியும் வாங்க வேண்டியதாயிற்று.

ஏற்காட்டில் அத்தை வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று பரணை ஒழித்திருக்கிறார்கள். அத்தை மகன் போன் செய்தான். "மச்சான், உன் டிவி கேம் இங்கதான் கெடக்கு. எடுத்துக்கறியா, இல்ல பழைய இரும்புக்காரருக்குப் போட்டுடட்டுமா?" அந்த வாரமே போய் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்தபடி 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தேன். கிளம்பும்போதே அவன் சொல்லிவிட்டான், "அது செத்துப்போச்சு மச்சான். அஞ்சாறு வருஷம் முன்னாடி பசங்களுக்குப் போட்டுக் காட்டலாம்னு பார்த்தேன், லைட்டே வரலை." பையில் டிவி கேம், இரண்டு கன்ட்ரோலர், ஒரு துப்பாக்கி, இரண்டு கேசட், ஒரு அடாப்டர். எல்லாவற்றிலும் மலை வீட்டு மழைக்கால வாசனை, பழைய கம்பளியை மோந்து பார்த்தால் வருமே, அது.

1995 கோடை லீவில் சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை ஒன்றில் அப்பா 850 ரூபாய்க்கு வாங்கித் தந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்துகொண்டிருந்தவருக்கு 850 ரூபாய் என்பது விளையாட்டு இல்லை. நாங்கள் யாரும் அதை நின்டெண்டோ என்று சொன்னதில்லை, அந்தப் பெயரே தெரியாது, டிவி கேம்தான். ஜப்பானில் 1983 ஜூலையில் நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம் என்கிற மெஷினின் நகல் அது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நம்மூர் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் இப்படிப்பட்ட நகல்கள்தான். கேசட்டில் 9999 கேம் என்று போட்டிருக்கும், பட்டியலை உருட்டிக்கொண்டே போனால் அதே ஏழெட்டு கேம் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும், நாமும் சளைக்காமல் உருட்டுவோம்.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். நான் படித்தது பி.காம். எலக்ட்ரானிக்ஸில் எனக்கு இருப்பது ஆசையும் ஒரு மல்டிமீட்டரும்தான். அதனால் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் செய்கிற தப்பையே செய்தேன். யூடியூபில் பழைய கேம் மெஷின் ரிப்பேர் என்று எதைப் பார்த்தாலும் எடுத்தவுடன் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிற கண்டன்சரைக் கழற்றுகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தச் சின்ன டப்பாவுக்குள் திரவம் இருக்கும், வருஷக்கணக்கில் அது காய்ந்துபோகும், இல்லை தலை உப்பிக் கசியும். என் போர்டிலும் அடாப்டரைச் செருகுகிற ஜாக் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் ஒன்று நின்றுகொண்டிருந்தது. தலை கொஞ்சம் உப்பின மாதிரித் தெரிந்தது. உப்பியிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதால் தெரிந்திருக்கலாம்.

வீட்டில் இருந்தது 60 வாட் சால்டரிங் அயர்ன். இந்த மாதிரி பழைய மெல்லிய போர்டுக்கு 25 வாட்டே போதும், அதற்கு மேல் என்றால் கை பழகியிருக்க வேண்டும். எனக்கு அப்போது கை பழகவில்லை. கண்டன்சரைப் பிடுங்கினேன், அதோடு சேர்ந்து போர்டின் செம்புத் தடமும் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்துவிட்டது. கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டதும் அப்போதுதான். உரிந்த தடத்தை மேலுக்கு ஈயத்தால் அப்பி, புதுக் கண்டன்சர் போட்டு, ஸ்விட்சைத் தள்ளினேன். லைட் இல்லை. கழற்றிய பழசை மீட்டரில் வைத்துப் பார்த்தால் 960 காட்டுகிறது. முப்பது வருஷம் ஆகியும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் போய் அதை வேலையைவிட்டு நீக்கினேன்.

சின்ன வயதில் சேலத்தில் குகை என்கிற ஏரியாவில் ஒரு டிவி மெக்கானிக் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பேன். அந்த அண்ணன் எந்த செட்டைத் திறந்தாலும் முதலில் அயர்னைத் தொடமாட்டார். "சப்ளை எதுவரைக்கும் வந்திருக்குன்னு மொதல்ல பாரு. வந்த எடத்துக்கும் வராத எடத்துக்கும் நடுவுலதான் கோளாறு" என்பார். வீட்டில் மேட்டூர்த் தண்ணி வரவில்லை என்றால் குழாயையா உடைக்கிறோம்? தெரு வால்வு, தொட்டி, அப்புறம்தான் குழாய். இது எனக்கு முதல் ஞாயிற்றுக்கிழமையே ஞாபகம் வந்திருக்கலாம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

ஒன்று மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன், நீங்களும் செய்து பாருங்கள் என்று யாரையாவது கிளப்பிவிடப் போகிறேன் என்பதால். மெஷினுக்குள் இருப்பது 9 வோல்ட், அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் சுவரில் செருகுகிற அடாப்டரைப் பிளக்காதீர்கள். அதற்குள் 230 வோல்ட் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டன்சரில் கொஞ்ச நேரம் நிற்கும். அடாப்டர் கெட்டுவிட்டால் வேறு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

மெஷினைத் திறந்ததும் முதலில் பயந்தபடியே பார்த்தது ஐசி என்கிற சில்லுகளைத்தான். இந்த நகல்களில் இரண்டு ஜாதி உண்டு. பிற்பாடு வந்தவற்றில் மொத்த மெஷினையும் ஒரே சில்லில் அடக்கி, மேலே எபாக்ஸி என்கிற கருப்புப் பசையைச் சொட்டி மூடியிருப்பார்கள், பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி. அந்தப் பொட்டுக்கு அடியில் கோளாறு என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, மூடிவைத்துவிட வேண்டியதுதான். முந்தைய ஜாதியில் 40 கால் உள்ள இரண்டு ஐசி அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். என்னுடையதில் இரண்டு மரவட்டை மாதிரி அவை இருந்தன, முதுகில் தைவான் யுஎம்சி கம்பெனியின் எண்கள், 6527 என்றும் 6538 என்றும். முதலாவது கணக்குப் போடுவது, இரண்டாவது படம் வரைவது. ஃபேமிகாமுக்கு ரிக்கோ கம்பெனி செய்துகொடுத்த சில்லுகளின் வேலையை இங்கே இவை செய்கின்றன. சூப்பர் மாரியோ கேம் மொத்தமும் 40 கிலோபைட்தான், இப்போது வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது.

மின்சாரம் போகிற வழி நேர்வழி. அடாப்டர், ஜாக், ஸ்விட்ச், 7805, அப்புறம் ஐசிக்கள். 7805 என்பது மூன்று கால் ரெகுலேட்டர், முதுகில் தகரம் வைத்தது. முதல் காலில் 9 வோல்ட் கொடுத்தால் மூன்றாம் காலில் 5 வோல்ட் தரும், நடுக்கால் கிரவுண்ட். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது, 78 என்றால் பிளஸ் வோல்டேஜ் தருகிற குடும்பம், 05 என்றால் ஐந்து. மிச்சம் 4 வோல்ட்டை அது சூடாக்கி வெளியே விடும், அதனால்தான் அந்தக் காலத்தில் ஒரு மணி நேரம் கான்ட்ரா ஆடினால் டப்பாவின் பின்பக்கம் இட்லிச் சட்டி மாதிரி ஆகும், அம்மா வந்து பிடுங்கி வைப்பார்.

முதலில் அடாப்டர். மீட்டரின் சிவப்புக் கம்பியைப் பின்னின் உள்ளே விட்டு, கருப்பை வெளி உருளையில் வைத்தேன். 9.1. நல்லது. மெஷினில் செருகி, கருப்புக் கம்பியை 7805 நடுக்காலில் வைத்து, சிவப்பை முதல் காலில் தொட்டேன். பூஜ்யம். ஸ்விட்சின் இந்தப் பக்கம் பூஜ்யம், அந்தப் பக்கமும் பூஜ்யம். இன்னும் பின்னால் போனால், ஜாக்கிலிருந்து ஸ்விட்சுக்குப் போகிற வழியில் மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஒரு சமாச்சாரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்லீவை நகர்த்தினால் உள்ளே டயோடு, 4007, கருப்பு நெல்மணி மாதிரி, ஒரு முனையில் சாம்பல் வளையம். வளையம் உள்ள பக்கம் பூஜ்யம். வளையம் இல்லாத பக்கம் 9.1.

டயோடு போய்விட்டது, இரண்டு ரூபாய் வேலை என்று குதித்துக்கொண்டு எழுந்துபோய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி வைத்துப் பார்த்தால்தான் கண்ணில் படுகிறது, 9.1 இல்லை, மைனஸ் 9.1. எண்ணுக்கு முன்னால் இத்தனூண்டு கோடு. கம்பியை மாற்றிப் பிடித்திருப்பேன் என்று நினைத்தேன், மாற்றிப் பிடிக்கவில்லை. அப்புறம் மெஷினைக் கவிழ்த்தேன். அடியில் பாதி உரிந்த ஸ்டிக்கரில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பிறை மாதிரி ஒரு வளைவு. புள்ளியிலிருந்து வருகிற கோடு மைனஸில் முடிகிறது. அடாப்டரில் அதே படம், கோடு பிளஸில் முடிகிறது.

ஃபேமிகாமுக்கும் அதன் பெரும்பாலான நகல்களுக்கும் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இன்று வீட்டில் கிடக்கும் மோடம், செட்டாப் பாக்ஸ் அடாப்டர்கள் எல்லாம் ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. பின் ஒரே அளவு என்பதால் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடும். பையில் இருந்தது மோடம் அடாப்டர். பழைய கனமான அடாப்டரின் ஒயரை எலி கடித்துவிட்டது, இதுவும் 9 வோல்ட்தானே என்று அத்தை மகன் இதைச் செருகியிருக்கிறான். அதாவது மெஷின் சாகவே இல்லை. தலைகீழாக வந்த சப்ளையை டயோடு உள்ளே விடவில்லை, அதன் வேலையே அதுதான், ஒருவழிப் பாதை. அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ரெகுலேட்டர் வெந்திருக்கும், கண்டன்சர் உப்பி வெடித்திருக்கும், அந்த இரண்டு மரவட்டைகளும் போயிருக்கலாம், அவை போனால் மாற்றுக்கு எங்கே போவது.

ஆனால் டயோடு கம்பெனியில் வைத்தது மாதிரித் தெரியவில்லை. போர்டில் அதற்கு இடமே இல்லை, ஒயரை வெட்டி நடுவில் சேர்த்திருக்கிறார்கள். 7805 காலில் இருந்த ஈயமும் மற்ற இடத்து ஈயத்தைவிடப் பளபளப்பாக இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே சொன்னார்.

"குகைக்காரன் போட்டது. மறந்துட்டியா? டேப் ரெக்கார்டர் அடாப்டரை நீதான செருகுனே. புகை வந்துச்சு. நான் வர்றதுக்குள்ள துணியப் போட்டு மூடி வெச்சுட்டே."

மறந்துதான் போயிருந்தேன். புகையை மறக்கவில்லை, அது என் வேலை என்பதை மட்டும் வசதியாக மறந்திருக்கிறேன்.

"மூணு கால் ஐசி மாத்துனதுக்கு 25, அந்தத் துக்கடாவுக்கு 15ன்னு 40 ரூபா கேட்டான். நான் சொல்லாத வேலைக்கு நான் ஏன் காசு குடுக்கணும்னு சண்டை போட்டேன். இனி பையன் எத வேணா செருகட்டும், ஒண்ணும் ஆகாதுங்கன்னான். கடைசியில முப்பது குடுத்தேன்."

கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்ப பத்து ரூபா பாக்கி" என்றார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

நடுவில் மைனஸ் உள்ள 9 வோல்ட் அடாப்டரை எங்கே பிடிப்பது என்று இரண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஏறி இறங்கினேன். கிடைத்தது மியூசிக் கடையில். கிடார் வாசிப்பவர்கள் காலால் மிதிக்கிற எஃபெக்ட் பெடல்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ் என்பது வழக்கமாகிவிட்டது, அதே பின். ஆம்பியர் மட்டும் பார்த்து வாங்க வேண்டும், பெடலுக்கு 100 மில்லி ஆம்பியரே போதும் என்று சின்னதாகவும் விற்பார்கள், அது இதற்குப் பற்றாது. நான் 1 ஆம்பியர் வாங்கினேன். கடைக்காரர் எந்த பெடலுக்கு என்று கேட்டார், மாரியோவுக்கு என்றேன், அவர் அதை ஒரு கம்பெனி என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை. புது அடாப்டர், சரியான திசை, ஸ்விட்ச். லைட் இல்லை!

இந்த முறை அயர்னைத் தொடவில்லை, மீட்டரைத்தான் எடுத்தேன். டயோடுக்கு அந்தப் பக்கம் எட்டரைக்குக் கொஞ்சம் மேல் காட்டியது, மிச்சத்தை டயோடு தன் கூலியாக எடுத்துக்கொள்ளும், 7805க்கு 7 வோல்ட் இருந்தாலே போதும் என்பதால் பரவாயில்லை. ஆனால் ஒயரை லேசாக அசைத்தால் பூஜ்யம், விட்டால் எட்டரை. நான் ஜாக்கின் அடிப்பக்கத்தைப் பத்து நிமிஷம் பார்த்தேன், எல்லாம் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. அப்பா பட்டறையில் பயன்படுத்திய பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"வளையம் உட்டிருக்கு பாரு."

ஜாக்கின் காலைச் சுற்றி ஈயத்தில் முடி கனத்துக்கு ஒரு வட்ட விரிசல். மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பது இதைத்தான். பின்னை ஒவ்வொரு முறை செருகி உருவும்போதும் ஜாக் கொஞ்சம் அசையும், பத்து வருஷம் அசைந்தால் ஈயம் விட்டுப்போகும். எந்தப் பழைய மெஷினிலும் நான் முதலில் பார்க்கப்போகிற இடம் இனிமேல் இதுதான், கண்டன்சர் இல்லை.

அப்பா அயர்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். (புது 25 வாட் அயர்ன், அந்த 60 வாட் பரணுக்குப் போய்விட்டது.) நாற்பது வருஷம் கொலுசுக் கண்ணிகளை ஊதுகுழலில் பற்றவைத்த கை, வெங்காரம் தடவி, பற்றவைக்கிற பொடி வைத்து, வெள்ளியே உருகிவிடாமல் பொடி மட்டும் உருகுகிற அந்த ஒரு நொடியில் நெருப்பை எடுக்கத் தெரிந்த கை. எலக்ட்ரானிக்ஸ் ஈயம் அதைவிட ரொம்பக் குறைந்த சூட்டில் உருகுவது அவருக்கே சிரிப்பாக இருந்தது, மெழுகு மாதிரி இருக்கு என்றார். ஆனால் சூத்திரம் ஒன்றுதான். "ஈயத்தச் சுடாத, காலச் சுடு. கால் சூடானா ஈயம் தானா ஓடி வந்து புடிச்சுக்கும். உருண்டையா நின்னா புடிக்கலைன்னு அர்த்தம்." நான் முதல் ஞாயிற்றுக்கிழமை வைத்ததெல்லாம் உருண்டை. வெங்காரத்துக்குப் பதில் இங்கே சால்டரிங் பேஸ்ட், அழுக்கை நீக்கி ஈயத்தை ஓடவிடுவது இரண்டுக்கும் ஒரே வேலை.

நான் உரித்துவைத்த செம்புத் தடத்தையும் அப்போதுதான் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அது திட்டுவதைவிட மோசம். அவருடைய தகர டப்பாவில் துண்டு வெள்ளிக்கம்பிகள் கிடக்கும். அரை அங்குலம் வெட்டி, தட்டி, விட்டுப்போன தடத்துக்குப் பாலமாக வைத்து இரண்டு முனையிலும் ஈயம் ஓடவிட்டார். உலோகங்களிலேயே மின்சாரம் சுலபமாகப் போவது வெள்ளியில்தான், செம்புக்கு இரண்டாம் இடம். ஆகவே என் டிவி கேமில் அந்த அரை அங்குலம் மட்டும் கம்பெனி வைத்ததைவிட ஒசத்தி. வெள்ளி விற்கிற விலைக்கு இதைத் தூக்கிப் பரணில் போடவும் இனி மனசு வராது.

அப்புறமும் லைட் மினுக்மினுக் என்றுதான் வந்தது. ஸ்விட்சின் ஒரு பக்கம் எட்டரை, மறுபக்கம் இரண்டு, நான்கு, ஒன்று என்று தாவியது. ஏற்காட்டு ஈரம் பத்து வருஷத்துக்கு மேல் அதில் வேலை செய்திருக்கிறது, உள்ளே தகடு பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஸ்விட்சின் இடுக்கில் நான்கு சொட்டு விட்டு, ஒரு நூறு முறை முன்னும் பின்னும் தள்ளி, காயவிட்டுத் திரும்பத் தள்ளினேன். மிளகு சிவந்தது. அசைத்தாலும் நிலையாக நின்றது. 7805 மூன்றாம் காலில் 5.02.

கேசட்டை ஊதாமல் வைத்தேன். ஊதுவதுதான் அந்தக் கால வைத்தியம், ஆனால் மூச்சில் ஈரம் போகும், பின்கள் கறுக்கும். நாங்கள் ஊதியதால் வேலை செய்தது என்று நினைத்ததில் பாதி, கழற்றி மாட்டியதால் வேலை செய்தது. அதே ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து 60 பின்னையும் துடைத்தேன், பஞ்சு கரியாக வந்தது. எல்.இ.டி. டிவியில் ஆன்டெனா ஓட்டையில் ஒயரைச் செருகி, அனலாக் சேனல் தேடச் சொன்னால் அது நிதானமாக ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடியது. ஒன்றில் புள்ளி மழைக்கு நடுவே நீல வானமும் செங்கல் தரையும் தெரிந்தன. சத்தம் முதலில் வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா, "ஐயோ, அந்தப் பாட்டா" என்றார்.

அப்பாவுக்கு வாத்து சுடுகிற கேம்தான் பிடிக்கும். துப்பாக்கியை எடுத்து நாலு சுட்டார், ஒன்றும் விழவில்லை. துப்பாக்கி சுடுவதே இல்லை, பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் வெள்ளைக் கட்டமாகும், அந்த வெளிச்சம் துப்பாக்கியின் கண்ணில் பட்டால் வாத்து விழும். பழைய பிக்சர் டியூப் டிவி உடனுக்குடன் காட்டும், இந்தப் புது டிவி படத்தை வாங்கி யோசித்து அப்புறம் காட்டுவதற்குள் நேரம் தாண்டிவிடுகிறது. விளக்கிச் சொன்னேன், "என் குறி சரியாத்தான் இருந்துச்சு" என்று துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

புது அடாப்டரில் வெள்ளை டேப் ஒட்டி, பெரிய எழுத்தில் 'நடுவில் மைனஸ்' என்று எழுதிவைத்தேன். மோடம் அடாப்டரை வேறு அறைக்கு நாடு கடத்தினேன். அப்பா பழைய மஞ்சள் ஸ்லீவை மறுபடி டயோடு மேல் இழுத்துவிட்டு மூடியை முடுக்கச் சொன்னார்.

மாரியோவை நான்தான் முதலில் எடுத்தேன். முதல் பள்ளத்தில் விழுந்தேன், இரண்டாவது முறையும் அதிலேயே விழுந்தேன். கை மறந்துவிட்டது என்று நினைத்தேன், இல்லை, கன்ட்ரோலரில் பி பட்டன் எடுக்கவில்லை. ரப்பருக்கு அடியில் இருக்கும் கார்பன் பொட்டு தேய்ந்திருக்கும். குதிக்கலாம், ஓடத்தான் முடியாது. இப்போதைக்கு மாரியோ நடந்துதான் போய்க்கொண்டிருக்கிறார்.